அந்தோணியார் தெருத் தண்ணீர்

மருதப்பேட்டைப் பேரூராட்சியின் குடிநீர்ப் பிரிவில் புகார் வாங்குவது ஷீபாவின் வேலை. காலையில் மாகறலிலிருந்து உத்திரமேரூர் வந்து, அங்கே பஸ் மாறி, ஏரிக்கரை தாண்டி, வயல்களுக்கு நடுவே அரை மணி நேரம் வந்தால் மருதப்பேட்டை. அலுவலகத்தில் காதில் ஒரு ஹெட்போன், முன்னால் ஒரு கம்ப்யூட்டர். தண்ணீர் வரவில்லை, பைப் உடைந்துவிட்டது, மீட்டர் ஓடவில்லை என்று யார் கூப்பிட்டாலும் அவள்தான் எடுப்பாள். புகாரைப் பதிவு செய்வாள். ஃபிட்டர் ஜான்சன் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவர் வந்து சொன்னதும் ஷீபா ஒரு பொத்தானை அழுத்துவாள். ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, நன்றி’ என்று கூப்பிட்டவரின் செல்போனுக்கு ஒரு செய்தி போகும்.

அப்படிச் செய்தி போன ஒரு நாள், அதே எண்ணிலிருந்து திரும்பவும் அழைப்பு வந்தது.

“அந்தோணியார் தெரு மங்கம்மா பேசறேம்மா. தீந்துபோச்சுன்னு மெசேஜ் வந்துகீது. இன்னா தீந்துச்சுன்னு கேக்கத்தான் போன் பண்ணேன்.”

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலிருந்தது. ஷீபா திரையைப் பார்த்தாள். ‘தண்ணீர் மஞ்சளாக வருகிறது, நாற்றம்’ என்று அவளே பதிவு செய்தது. கீழே ஜான்சனின் பதில்: ‘நேரில் பார்த்தேன். தண்ணீர் தெளிவாக உள்ளது.’

“எங்க ஆளு வந்து பாத்திருக்காருக்கா. நல்லாத்தான் வருதுன்னு சொல்லிருக்காரு.”

“அவரு வந்த அன்னிக்கு நல்லாத்தான் வந்துச்சு. நான் இல்லன்னு சொல்லலியே. அதுக்கு மொத நாளு சாக்கடையாட்டம் வந்துச்சு. அத்த யாரு பாத்தாங்க?”

ஷீபா இன்னொரு முறை பதிவு செய்துகொள்வதாகச் சொல்லி வைத்தாள்.

அந்தோணியார் தெரு ஊரின் கடைசியில் இருந்தது. அதற்கப்புறம் நெல் வயல்தான். அந்தோணியார் கோயில் ஒரு முனையில், மாரியம்மன் கோயில் மறுமுனையில். நடுவில் அரசு கட்டிக்கொடுத்த வீடுகள். நடவு, அறுப்பு, கட்டட வேலை என்று கூலிக்குப் போகிற குடும்பங்கள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து கிளம்புகிற குழாய் ஊர் முழுக்கச் சுற்றி, மெயின் ரோட்டோரமாக வந்து, பெரிய சாக்கடைக் கால்வாய்க்கு அடியில் புகுந்து, கடைசியாக இந்தத் தெருவுக்குப் போய்ச் சேரும். காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் விடுவார்கள்.

மங்கம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவளோடு அந்தத் தெருவின் இன்னும் சில பெண்களும் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஜான்சன் மறுநாளோ அதற்கடுத்த நாளோ போனார். ஒவ்வொரு முறையும் அவர் பார்த்தபோது தண்ணீர் தெளிவாகவே வந்தது. தொட்டியில் மாதாமாதம் எடுக்கும் மாதிரியும் ஆய்வுக்கூடத்தில் சுத்தம் என்றே சொன்னது. ஜான்சன் பொய் சொல்கிறவர் இல்லை. மங்கம்மாவும் பொய் சொல்கிறவளாகத் தெரியவில்லை. ஷீபா நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தாள்.

பிறகு கொஞ்ச காலம் புகாரே வரவில்லை. அந்த மாதக் கூட்டத்தில் மேலாளர் மோகன்குமார் முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“நம்ம பேரூராட்சியில குடிநீர் தரம் பத்தின புகார் இந்த மாசம் ஒண்ணுகூட இல்ல. மாவட்டத்துல நம்மளப் பத்திப் பேசறாங்க” என்றார். எல்லோருக்கும் வடையும் டீயும் வந்தது.

அடுத்த மாதம் புகார்கள் திரும்ப வந்தன. முன்னைவிட அதிகமாகவே வந்தன. ஒரு நாள் மங்கம்மாவின் குரல் வேறு மாதிரி இருந்தது.

“என் பொண்ணு நிஷா. பதினொண்ணாவது படிக்குது. மஞ்சக்காமாலைன்னு செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரில சேத்துக்கினாங்க. எந்தத் தண்ணி குடிச்சீங்கன்னு டாக்டரு கேட்டாரு. கொயாத் தண்ணின்னு சொன்னேன். காய்ச்சிக் குடிங்கன்னாரு. காய்ச்சினாலும் அந்த நாத்தம் போவலியே, அத்த எப்டிக் குடிக்கறது?”

ஷீபா அன்று அந்தப் பொத்தானை அழுத்தவில்லை. ஜான்சன் வந்து, “தண்ணி நல்லாத்தான்மா இருக்கு” என்று சொன்ன பிறகும் அழுத்தவில்லை. மறுநாளும் இல்லை. திரையில் அந்தோணியார் தெருவின் புகார்கள் சிவப்பு நிறத்தில் வரிசையாக நின்றன.

மோகன்குமார் அவள் மேஜைக்கு வந்தார்.

“இதையெல்லாம் ஏன் இன்னும் மூடல?”

“தீரல சார்.”

“ஃபிட்டர் பாத்துட்டாரு. லேப் ரிப்போர்ட் வந்துடுச்சு. இதுக்கு மேல இன்னா தீரணும்?”

“அவங்க தீந்துச்சுன்னு சொல்லணும் சார். அவங்க சொல்லாம நான் எப்படி அனுப்பறது?”

“உங்க கான்ட்ராக்ட் மார்ச்சோட முடியுது, தெரியுமில்ல?” என்று சொல்லிவிட்டுப் போனார். குரலை உயர்த்தவில்லை. ஷீபா அந்தப் புகார்களை அப்படியே விட்டாள். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். அப்பா ஐசக் மாகறலில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர். முழங்கால் தேய்ந்து இப்போது வீட்டோடு இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஷீபா வீட்டுக்குப் போகாமல் மருதப்பேட்டைக்கு பஸ் ஏறினாள். மங்கம்மாவின் குரலை எத்தனையோ முறை கேட்டிருந்தாலும் முகத்தைப் பார்த்ததில்லை. தெருவில் கேட்டதும் ஒரு பெண் கைகாட்டினாள். நாற்பது வயதிருக்கும் ஒல்லியான ஒருத்தி வாசலில் குடங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நான் வாட்டர் ஆபீஸ் ஷீபா.”

மங்கம்மா நிமிர்ந்து அவளை மேலும் கீழும் பார்த்தாள். “போன்ல பேசறப்போ பெரிய பொம்பளைன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இவ்ளோ சின்னப் பொண்ணா?” என்றாள். உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

நிஷா முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். கண்களில் மஞ்சள் இன்னும் இருந்தது. பாயில் படுத்தபடியே ஷீபாவைப் பார்த்துச் சிரித்தாள்.

“எந்தெந்த நாள்ல இப்படி வருதுக்கா? ஞாபகம் இருக்கா?”

“நாளு கிழமையெல்லாம் யாரு பாத்தா? ஆனா ஒண்ணு. நான் வூட்ல இல்லாத நாளாப் பாத்துத்தான் வருது. நான் இருந்தா மொதல்லியே பாத்து, குடத்துல புடிக்காம வுட்ருவேன். நிஷாவுக்கு அவ்ளோ தெரியாது. இருட்டுல எழுந்து புடிச்சி வெச்சிடும்.”

“நீங்க எங்க போயிடுவீங்க?”

“கல்யாண வேலைக்குத்தான். நடவு இல்லாதப்போ சமையல் பண்ற சுகுமார் மாஸ்டர் கூட பாத்திரம் தேய்க்கப் போவேன். பவளம் மகால்ல. விடியக்காலம் நாஷ்டாவுக்கே ஆளு வேணும்பாரு, அதனால ராத்திரியே போயிடுவேன்.”

புகாரே வராத அந்த மாதம் ஷீபாவின் நினைவுக்கு வந்தது. வடை தின்ற கூட்டம். வெளியே மாரியம்மன் கோயிலில் அந்த மாதம் முழுக்க ஒலிபெருக்கி கட்டியிருந்ததாக ஜான்சன் சொல்லியிருந்தார்.

“அக்கா, ஆடி மாசம் தண்ணி எப்படி வந்துச்சு?”

“ஆடியில ஒண்ணும் இல்லியே. நல்லா வந்துச்சு. ஆவணி பொறந்தப்புறம்தான் மறுபடியும் பேஜாரு.”

“ஆடியில கல்யாணம் இல்லல்ல.”

மங்கம்மா கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பவளம் மகால் மெயின் ரோட்டில் இருந்தது, சாக்கடைக் கால்வாய்க்குக் கொஞ்சம் முன்னால். ஏகாம்பரம் என்பவர் கட்டி, தன் தாயின் பெயரை வைத்தது. ஊரில் அவருக்கு நிலமும் நெல் மண்டியும் உண்டு.

“மகால்ல தண்ணி எங்கிருந்து வருது?”

“போர் தண்ணிதான். ஆனா அது உப்பு. சமையலுக்கு ஆவாது. காலையில கொயாத் தண்ணி வுடற நேரத்துல பின்னால ஒரு மோட்டாரு ஓடும். தொட்டி சட்டுனு ரொம்பிடும். பெரிய மோட்டாரு, தரையே அதிரும்.” மங்கம்மா ஷீபாவின் பக்கம் குனிந்தாள். “அந்த மோட்டாருதான் எங்க தெருவுக்கு இத்தப் பண்ணுதா?”

“அப்படித்தான் நெனைக்கறேன். மோட்டார் போட்டு இழுத்தா, அதுக்கப்பால இருக்கற பைப்புல தண்ணி முன்னால போகாது, பின்னால வரும். கால்வாய்க்கு அடியில பைப்பு எங்கயாவது விரிசல் விட்டிருந்தா, சாக்கடையையும் சேத்து உள்ள இழுத்துக்கும். மோட்டார நிறுத்தினதும் அதெல்லாம் நேரா உங்க தெருவுக்கு வரும். மறுநாள் கழுவிப் போயிடும். ஜான்சன் அண்ணன் வர்றப்போ நல்ல தண்ணி.”

மங்கம்மா பாயில் படுத்திருந்த மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“நான் அங்க போயி பாத்திரம் தேய்க்கறேன். அந்தத் தண்ணியிலதான் தேய்க்கறேன்” என்றாள்.

“பெரிய ஆபீசர் வந்து கேட்டா, மோட்டார் இருக்குன்னு சொல்லுவீங்களாக்கா?”

“சொன்னா அப்பால அந்த மகாலுக்குள்ள கால் வெக்க முடியாது.”

ஷீபா அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்பது நியாயமாகப் படவில்லை. புறப்படும்போது மங்கம்மா தெருமுனைவரை கூட வந்தாள். சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இளமதி அந்தப் பகுதிக்குப் புதிதாக வந்திருந்த இளநிலைப் பொறியாளர். பல ஊர்களுக்கு அவர் ஒருவர்தான். மருதப்பேட்டைக்கு வாரத்தில் ஒரு நாள் வருவார். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே ஷீபா போய் நின்றாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். இளமதி குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலை எடுத்தார். அடியில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

“இதுல தண்ணிய ஊத்தி மூடி வச்சா, கெட்ட கிருமி இருந்தா ஒரு நாள்ல கறுப்பாயிடும். நான் வந்து எடுத்தாத்தான் செல்லும். நீங்க சொல்ற கல்யாணம் என்னிக்கு?”

“வர்ற வெள்ளிக்கிழமை மேடம். நல்ல முகூர்த்தமாம்.”

“வெள்ளிக்கிழமை தண்ணி விடறதுக்கு முன்னாடி நான் அந்தத் தெருவுல இருப்பேன்” என்றார் இளமதி.

ஷீபா அன்று மாலை இன்னொரு வேலையும் செய்தாள். அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் அவர்கள் மூவரும் அந்தோணியார் தெருவின் கடைசிக் குழாயடியில் நின்றார்கள். இளமதி, ஷீபா, ஜான்சன். தெருப் பெண்கள் குடங்களோடு வந்து சுற்றி நின்றார்கள். மங்கம்மா அங்கே இல்லை. முந்தின இரவே மகாலுக்கு வேலைக்குப் போயிருந்தாள். மெயின் ரோட்டுப் பக்கமிருந்து நாதஸ்வரம் கேட்டது.

தண்ணீர் வந்தது. தெளிவாக, வேகமாக வந்தது. இளமதி மாதிரி எடுத்தார். சோதனை மருந்து ஒரு சொட்டு விட்டதும் தண்ணீர் ரோஸ் நிறமானது.

“குளோரின் இருக்கு. நல்ல தண்ணி” என்றார்.

ஷீபாவுக்கு முகம் சுருங்கியது. ஜான்சன் அவளைப் பார்க்காமல் வயல் பக்கம் பார்த்தார்.

அடுத்த சில நிமிடங்களில் தண்ணீர் மெலிந்தது. நூல் போலாகி, சொட்டாகி, நின்றுவிட்டது. குழாய்க்குள்ளிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. இளமதி குனிந்து உள்ளங்கையைக் குழாய் வாயில் வைத்தார். வைத்த கையை எடுக்க முயன்றவர், ஒரு கணம் திகைத்துப் போனார்.

“ஷீபா, இங்க கை வச்சுப் பாருங்க.”

ஷீபா வைத்தாள். குழாய் அவள் கையைக் கவ்வி உள்ளே இழுத்தது. தண்ணீர் தர வேண்டிய குழாய், யாரோ மறுபக்கம் வாய் வைத்து உறிஞ்சுவது போல, காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து கை வைத்துப் பார்த்தார்கள். ஜான்சனும் வைத்தார். கையை எடுத்துவிட்டு, “இத்தன வருஷமா ஒரு நாள் தள்ளித்தானே மேடம் வந்திருக்கேன்” என்றார் மெதுவாக.

சத்தம் நின்றதும் தண்ணீர் திரும்ப வந்தது. இம்முறை மஞ்சளாக, நுரையோடு வந்தது. நாற்றம் எட்ட நின்றவர்களையும் மூக்கைப் பொத்த வைத்தது. அதில் மருந்து விட்டார்கள். நிறம் மாறவே இல்லை. இளமதி பாட்டில்களில் பிடித்து மூடி, ஒவ்வொன்றின் மேலும் நேரத்தை எழுதினார்.

“வாங்க, மகாலுக்குப் போகலாம்” என்றவர் ஜீப்பில் கால் வைத்தபடி நின்றார். “உள்ள கல்யாணம் நடக்குது. மோட்டாரத் தூக்கிட்டா சமையல் நின்னுடும். பொண்ணு வீட்டுக்காரங்க என்ன பாவம் பண்ணாங்க?”

“தண்ணி லாரி ஒண்ணு மகாலுக்குப் பக்கத்துல நிக்குது மேடம்” என்றாள் ஷீபா. “செவ்வாய்க்கிழமையே சொல்லி வச்சிட்டேன். நல்ல தண்ணி. கல்யாணம் நிக்காது.”

இளமதி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். “ஏறுங்க” என்றார்.

மகாலின் பின்கட்டில் பெரிய அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. சுகுமார் மாஸ்டர் கரண்டியோடு நின்றார். ஏகாம்பரம் பட்டு வேட்டியில், கையில் சந்தனத்தோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறவில்லை.

“மோட்டாரா? இங்க போர் மோட்டார் ஒண்ணுதான் கீது. பாத்துக்கோங்க. கல்யாண வூட்ல வந்து ஏன் கலாட்டா பண்றீங்க?”

ஜான்சன் தேடினார். போர் மோட்டார்தான் இருந்தது. தொட்டி நிறைந்து வழிந்தது. குழாய் இணைப்பு சுவருக்குள் போய் மறைந்தது. சுவரோரம் விறகு ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தது. ஏகாம்பரம் கடிகாரத்தைப் பார்த்தார். “முகூர்த்த நேரம். நான் போகணும்” என்றார்.

பாத்திரம் தேய்க்கிற இடத்திலிருந்து மங்கம்மா எழுந்தாள். முழங்கைவரை சோப்பு நுரை. நேராக வந்து, விறகுக் குவியலின் ஓரத்தில் சாய்த்திருந்த தகரத்தைப் பிடித்து இழுத்தாள். தகரம் பெரும் சத்தத்தோடு விழுந்தது. பின்னால் ஒரு சின்ன அறை. அதில் பெரிய மோட்டார் ஒன்று, இன்னும் சூடு ஆறாமல் இருந்தது.

“இதான் மேடம்” என்றாள். “காலையில ஓடினது இதான். நான் இங்கதான் இருந்தேன்.”

ஏகாம்பரம் அவளைப் பார்த்தார். “மங்கம்மா, உனக்கு வேலை குடுத்த எடம் இது.”

“ஆமாண்ணா. என் பொண்ணுக்குக் காமாலை குடுத்ததும் இந்த எடம்தான்.”

ஏகாம்பரம் கையிலிருந்த சந்தனத்தைத் துண்டில் துடைத்தார்.

“நாளையிலருந்து இந்தப் பக்கம் வராத” என்றார் ஏகாம்பரம்.

சுகுமார் மாஸ்டர் கரண்டியை அண்டாவின் மேல் வைத்தார். “அவங்க உங்ககிட்ட வேலை பாக்கலண்ணா. என்கிட்டப் பாக்கறாங்க. அவங்க வரக்கூடாதுன்னா நானும் வர மாட்டேன். வேற மாஸ்டர் பாத்துக்கோங்க.”

அவர் கைப்பக்குவத்துக்காகவே மகாலை எடுக்கிறவர்கள் இருந்தார்கள். ஏகாம்பரத்துக்கு அது தெரியும். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்பக்கம் போய்விட்டார்.

கல்யாணப் பெண்ணின் அப்பா பதறிக்கொண்டு ஓடிவந்தார். இளமதி அவரிடம் பொறுமையாக எல்லாம் சொன்னார். வாசலில் நின்ற லாரியைக் காட்டினார். அவர் லாரியைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார், நுரை காயாத கைகளோடு நின்ற மங்கம்மாவைப் பார்த்தார்.

“மொதல்ல அதத் தூக்கினு போங்கம்மா. என் பொண்ணு கல்யாணத்துக்கு அந்தத் தண்ணி வேணாம்” என்றார்.

முன்னால் கெட்டிமேளம் கொட்டியபோது ஜான்சன் பின்கட்டில் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். தாலி கட்டி முடிந்தது. பந்தி நேரத்துக்கு நடந்தது. லாரித் தண்ணீரில்தான் ரசம் வைத்தார் சுகுமார். வந்தவர்கள் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

அலுவலகத்துக்கு அவர்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே தொலைபேசி அழைப்புகள் வந்துவிட்டன. மோகன்குமார் வாசலிலேயே நின்றார்.

“மோட்டாரத் திருப்பிக் குடுத்துடலாம் மேடம். பெரிய எடத்து விஷயம். ஒரு நோட்டீஸ் மட்டும் குடுத்தாப் போதும்.”

“நாளைக்குப் பேசலாம்” என்றார் இளமதி. பாட்டில்களை மோகன்குமாரின் மேஜையிலேயே வரிசையாக வைத்தார். “இதுங்க இங்கயே இருக்கட்டும்.”

மறுநாள் காலை மோகன்குமார் தன் அறைக்குள் போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. ஷீபா கதவருகில் போய்ப் பார்த்தாள். முதல் தண்ணீர் பிடித்த பாட்டில் அப்படியே இருந்தது. மற்றவை எல்லாம் தார் போலக் கறுத்திருந்தன. அவர் ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதையா குடிச்சாங்க?” என்று கேட்டார்.

“ஆமா சார்.”

அவர் பாட்டிலை வைத்தார். “பைப் மாத்தறதுக்கு மேடம் எஸ்டிமேட் போட்டா உடனே கொண்டாங்க. கையெழுத்துப் போடறேன்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “உங்க கான்ட்ராக்ட் பேப்பரும் கொண்டாங்க” என்றார்.

கால்வாய்க்கு அடியில் தோண்டியபோது ஷீபாவும் போயிருந்தாள். குழாய் இணைப்பு வாய் பிளந்து கிடந்தது. அதற்குள் கந்தலும் வேரும் சேறும் அடைத்திருந்தன. சுற்றிலும் நின்ற தெருக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு பெண் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். பழைய குழாயை அங்கேயே அடைத்துவிட்டு, சாக்கடைக்கு மேலே பாலத்தை ஒட்டிப் புதுக் குழாய் போட்டார்கள். வேலை முடிகிறவரை தெருவுக்கு லாரியில் தண்ணீர் வந்தது. ஏகாம்பரம் அபராதம் கட்டினார். மகாலுக்கு முறையாக ஒரு இணைப்புக் கேட்டு, பேரூராட்சி அலுவலகத்தில் மற்றவர்களைப் போல வரிசையில் நின்றார்.

இளமதி அத்தோடு விடவில்லை. மாதிரித் தண்ணீரை இனித் தொட்டியில் மட்டுமல்ல, அந்தோணியார் தெருவின் கடைசிக் குழாயிலும் எடுக்க வேண்டும் என்று உத்தரவு வாங்கினார். புகார் சொன்னவரே தீர்ந்தது என்று சொன்னால்தான் அதை மூடலாம் என்று ஷீபா கேட்டதையும் சேர்த்து எழுதினார். மோகன்குமார் அடுத்த கூட்டத்தில் அதை வாசித்தபோது, தானே யோசித்தது போல வாசித்தார். ஷீபாவும் ஜான்சனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

புதுக் குழாயில் தண்ணீர் விட்ட அன்று தெருவே கூடியிருந்தது. அந்தோணியார் கோயில் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மாரியம்மன் கோயில் பறைக்காரர்கள் யாரும் சொல்லாமலே வந்து நின்றார்கள். ஐசக்கும் மாகறலிலிருந்து ஆட்டோவில் வந்திருந்தார். மகள் வேலை செய்கிற ஊரை அவர் பார்ப்பது அதுதான் முதல் முறை. பள்ளிச் சீருடையில் நின்ற நிஷாவின் கண்கள் மஞ்சள் போய் வெளுத்திருந்தன.

இளமதி வால்வைத் திறந்தார். முதலில் காற்று சீறியது. பிறகு செம்மண் கலங்கலாகக் கொஞ்சம் கொட்டியது. தெளியும்வரை ஓட விட்டார்கள். பிறகு தண்ணீர் பீறிட்டு வந்தது. கண்ணாடி போலத் தெளிந்து, வெயிலில் மின்னியது. பறை எழும்பியது. மருந்துச் சொட்டு விட்டதும் ரோஸ் நிறம் வந்தது. பிள்ளைகள் தங்கள் டம்ளரிலும் விடச் சொல்லிக் கேட்டார்கள்.

மங்கம்மா ஒரு சொம்பைத் தேய்த்துக் கழுவினாள். நிறையப் பிடித்தாள். பிடித்துவிட்டு ஒரு கணம் தயங்கினாள். அந்தத் தெருவுக்கு எத்தனையோ அதிகாரிகள் வந்து போயிருக்கிறார்கள். ஒருவரும் அங்கே ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. எல்லோரும் கையோடு பாட்டில் கொண்டுவருவார்கள்.

“மேடம், குடிக்கறீங்களா?” என்று கேட்டாள்.

இளமதி சொம்பை இரண்டு கையாலும் வாங்கினார். நின்றபடியே, மூச்சு விடாமல், முழுவதும் குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொம்பை நீட்டினார்.

“இன்னொரு சொம்பு குடுங்க” என்றார்.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. ஜான்சன் கையால் பிடித்தே குடித்தார். மோகன்குமார் சட்டையெல்லாம் நனைந்து நின்றார். நிஷா ஒரு டம்ளரைக் கொண்டுவந்து ஐசக்கிடம் கொடுக்க, அவர் குடித்துவிட்டுக் குழாயையும் மகளையும் மாறிமாறிப் பார்த்தார். பறைச் சத்தத்தில் மங்கம்மா ஏதோ சொன்னது ஷீபாவுக்குக் கேட்கவில்லை. கிட்டப் போனாள்.

“தீந்துபோச்சுன்னு இப்ப மெசேஜ் போடும்மா” என்றாள் மங்கம்மா. “நான் சொல்றேன், போடு.”

ஷீபா செல்போனை எடுத்தாள். கை ஈரத்தில் திரை வேலை செய்யவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டுத் திரும்ப எடுப்பதற்குள் யாரோ ஒரு குடம் தண்ணீரை அவள் தலையில் கொட்டினார்கள். தெருவே சிரித்தது. செய்தி மறுநாள்தான் போனது. அதுவரை யாரும் அதைத் தேடவும் இல்லை.